பூட்டிய அறைக்குள் ஒழுகிய குழாய்: எங்கள் கவுன்சிலின் சுகாதார அலுவலர்கள் பற்றி

2023 டிசம்பர் 11ஆம் திகதி, திங்கட்கிழமை, கவுன்சிலில் (உள்ளூராட்சிச் சபையில்) இருந்து ஒரு கடிதம் வந்தது. நான் வேலையால் வரும்போது மாமி அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. மேலே இருந்த முத்திரையும் தடித்த எழுத்தில் போட்டிருந்த திகதியும் நேரமும் கண்டே பயந்துவிட்டார். "ஆரோ வீட்டுக்குள்ள வரப்போறாங்களாம் போல, என்ன பிள்ளை?" என்று கேட்டார்.

வீடமைப்புச் சட்டம் 2004, பிரிவு 239. டிசம்பர் 14, வியாழன், காலை 10 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் உங்கள் வீட்டுக்குள் வந்து பரிசோதிக்கப் போகிறோம் என்று எழுதியிருந்தது. வரச்சொல்லிக் கேட்டது நான்தான். ஆனால் 'உள்ளே வர எங்களுக்கு அதிகாரம் உண்டு' என்ற அந்த வரியை வாசித்தபோது எனக்கும் நெஞ்சு கொஞ்சம் இடித்தது.

லண்டனின் கிழக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். எந்த கவுன்சில் என்று எழுதவில்லை, எங்கள் வீட்டுக்காரர் யார் என்று இங்கே பலருக்குத் தெரிந்துவிடும். அவர்களுடைய என்வயரன்மென்ரல் ஹெல்த் பிரிவு, அதாவது சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு, எங்களுக்குச் செய்ததைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. கேட்கிறவர்களுக்கு நான் ஐந்துக்கு நாலு என்றுதான் சொல்லி வருகிறேன். அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் வீட்டைப் பற்றி. விக்டோரியா காலத்து வரிசை வீடு ஒன்றை மேல் வீடு, கீழ் வீடு என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். 2022 செப்டெம்பரில் கீழ் வீட்டுக்குக் குடிவந்தோம். மாத வாடகை 1,450 பவுண். பின் அறையில் மாமியும் மகனும் படுப்பார்கள். அந்த அறையின் ஒரு சுவருக்கு அப்பால் வீட்டுக்காரர் பிறகு சேர்த்துக் கட்டிய சின்ன அறை ஒன்று இருக்கிறது. பூட்டியே கிடக்கும், திறப்பு அவரிடம். வாடகை ஒப்பந்தத்தில் அந்த அறை எங்களுக்கு இல்லை.

முதல் குளிர்காலத்திலேயே அந்தச் சுவரில் கடுகு தாளித்து விசிறியதுபோல் கறுப்புப் புள்ளிகள் வந்தன. தையில் உள்ளங்கை அகலம். அலுமாரியை இழுத்தால் அதன் முதுகு முழுக்கப் பூஞ்சணம். மகனின் தலையணையில் நனைந்த சாக்கின் மணம். வீட்டுக்காரரும் எங்கள் ஊர்ப் பக்கத்தவர்தான். கோயிலில் கண்டால் கதைப்போம். சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்கு இல்லை, பிணைக்கு ஆள் இல்லை என்று மற்றவர்கள் எங்களைத் திருப்பி அனுப்பியபோது இவர்தான் வீடு தந்தவர். அதை நான் மறக்கவில்லை, மறுக்கவும் இல்லை. சொன்னதும் வந்து பார்த்தார். "தங்கச்சி, நீங்கள் சோறு அவிக்கிற ஆவிதான் சுவரில படியுது. உடுப்பை உள்ளுக்குக் காயப்போடாதேங்கோ, யன்னலைத் திறந்து வையுங்கோ" என்றார். ஏப்ரலில் ஆள் அனுப்பி, பூஞ்சணத்துக்கு மேலேயே வெள்ளை அடித்துவிட்டார். ஒக்டோபரில் வெள்ளைக்கு மேலால் அது திரும்ப வந்தது.

அந்த ஒக்டோபரில் ஒரு இரவு மகனுக்கு இழுப்புக் கூடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவனுக்கு அப்போது ஆறு வயது. நீலப் பம்பைப் பத்துத் தரம் அடித்தும் அடங்கவில்லை. விடிய வீட்டுக்கு வந்து அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அவாப் இஷாக் என்ற பிள்ளை. இங்கிலாந்தின் வடக்கே ரொச்டேல் நகரில் பூஞ்சணம் பிடித்த ஃபிளாற்றில் வளர்ந்து, இரண்டு வயதில், 2020 டிசம்பரில் இறந்தவன். பூஞ்சணத்தால் வந்த சுவாச நோய்தான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் சொன்னது பேப்பர், ரிவி எல்லாவற்றிலும் வந்தது. அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கும் 'நீங்கள் வாழ்கிற முறைதான் காரணம்' என்ற பேச்சுக் கிடைத்திருக்கிறது. அதற்கு மேல் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துத் தயங்க என்னால் முடியவில்லை.

நவம்பர் 6ஆம் திகதி வீட்டுக்காரருக்கு ஆங்கிலத்தில் ஒரு ஈமெயில் எழுதினேன். அதுவரை எல்லாம் வாய்ப்பேச்சும் வட்ஸ்அப் குரல் பதிவும்தான். இந்த ஈமெயில் எவ்வளவு முக்கியம் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு கிழமை பதில் இல்லை. 20ஆம் திகதி கவுன்சிலுக்கு எழுதினேன். ஒன்பது படங்கள், ஜி.பி. (குடும்ப வைத்தியர்) தந்த கடிதம், வீட்டுக்காரருக்கு எழுதியதன் பிரதி, எல்லாம் சேர்த்து அனுப்பினேன். அதற்கு முதல் தொலைபேசியில் முயன்று பார்த்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று நாற்பது நிமிடம் போய், கடைசியில் லைன் அறுந்தது. எழுதுங்கள், தொலைபேசியில் மெனக்கெட வேண்டாம்.

வரப்போகிறோம் என்ற அந்தக் கடிதம் வர மூன்று கிழமை, ஆள் வர 24 நாள். மூச்சு இழுக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இது நெடுநாள். இந்த இடத்தில் அரைப் புள்ளி போய்விட்டது.

மற்ற அரைப் புள்ளி கடிதம் வந்த அன்று இரவே போனது. அப்போதைய சட்டப்படி பரிசோதனைக்குக் குறைந்தது 24 மணித்தியாலம் முன்னதாகக் குடியிருப்பவருக்கு மட்டுமல்ல, சொந்தக்காரருக்கும் அறிவித்தல் கொடுக்க வேண்டியிருந்தது. அதே கடிதம் அவருக்கும் போயிருக்கிறது. அது எனக்குத் தெரியாது. எட்டரைக்குத் தொலைபேசி அடித்தது. "எங்கட ஆக்களுக்குள்ள கதைச்சுத் தீர்க்கிற விசயம் தங்கச்சி. வெள்ளைக்காரனை வீட்டுக்குள்ள விட்டால் அவன் என்னெல்லாம் எழுதுவான் தெரியுமோ? பிறகு நான் வீட்டை வித்துப்போடுவன், நீங்கள் எங்க போவியள்?" என்றார். கவுன்சிலில் இருந்து ஒரேயொருவர், 'சொந்தக்காரருக்கும் இதே அறிவித்தல் போகும், ஆயத்தமாக இருங்கள்' என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நான் நடுங்கிக்கொண்டு பதில் சொல்லியிருக்க மாட்டேன். அந்த ஒரு வரியைச் சேர்ப்பது அவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை.

அந்த மூன்று நாளும் மாமி சரியாகச் சாப்பிடவில்லை. அவர் யாழ்ப்பாணத்தில் சுற்றிவளைப்பு நாட்களைக் கண்டவர். கதவு தட்டினால் யார் என்று கேட்கும் உரிமைகூட இல்லாமல் இருந்த காலம் அது. அதற்கும் முந்திய காலத்தையும் அவர் சொல்வார். ஊருக்கு பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து கிணறு பார்ப்பார், மலகூடம் பார்ப்பார், மலேரியாவுக்கு மருந்தடிக்க ஆட்கள் பம்பைத் தோளில் கொழுவிக்கொண்டு வீட்டுக்குள் வருவார்கள். பி.எச்.ஐ. ஐயா வருகிறார் என்றால் வளவு முழுக்கக் கூட்டித் துப்புரவாக்குவார்களாம். அது பயமும் மரியாதையும் கலந்தது. அதனால் வியாழக்கிழமை விடிய ஐந்து மணிக்கே எழும்பி, நான் தடுத்தும் கேளாமல், சுவரில் இருந்த பூஞ்சணத்தைத் துடைக்கத் துணி எடுத்தார். "அம்மாவாணை மாமி, விடுங்கோ, அவை அதைப் பாக்கத்தான் வருகினம்" என்று கையைப் பிடித்து நிறுத்தினேன்.

பத்தேகாலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் அலுவலர், மற்றவர் பயிற்சியில் இருக்கும் இளம் பெடியன். வாசலிலேயே நின்று அடையாள அட்டையைக் காட்டினார். கூடவே ஒரு தாளையும் நீட்டினார். என்ன நோக்கத்துக்காக உள்ளே வருகிறார் என்று அதில் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தது. அந்த எழுத்துமூல அதிகாரம் இல்லாமல் அவரால் இந்தப் பிரிவின் கீழ் உள்ளே வர முடியாது, நாங்கள் கேட்டால் காட்டியே ஆகவேண்டும் என்று சொன்னார். நாங்கள் கேட்கவே இல்லை, அவராகக் காட்டினார். வாசித்து முடியும்வரை குளிரில் நின்றார். பிறகு "உள்ளே வரலாமா?" என்று கேட்டார்.

மாமிக்கு நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். "கேக்கிறாவோ?" என்றார். "ஓம், கேக்கிறா" என்றேன். மாமி எழும்பிப் போய்க் கதவை அகலத் திறந்தார்.

இருவரும் சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்ரிக் உறை போட்டுக்கொண்டார்கள். சாமித்தட்டு இருந்த மூலையை ஒதுக்கிக்கொண்டு நடந்தார்கள். அலுமாரியை நகர்த்த முன் கேட்டார்கள், அதைத் திறக்கவில்லை, லாச்சியைத் தொடவில்லை, தாள்களைப் பார்க்கவில்லை. எங்கள் விசாவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. இதைக் கட்டாயம் எழுதவேண்டும் என்று நினைத்தேன். கவுன்சில் ஆளை உள்ளே விட்டால் விசா பார்க்கும் ஹோம் ஒபிஸ் பின்னால் வரும் என்று பயந்து, தண்ணீர் ஒழுகும் கூரையின் கீழ் வாளி வைத்துக்கொண்டு இருக்கும் குடும்பங்களை எனக்கே தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்தவர் வீட்டைத்தான் பரிசோதித்தார்.

ஒன்றேகால் மணித்தியாலம் பார்த்தார்கள். யன்னல் பூட்டு, படி, கொதிகலன், மின்சுவிட்சு, குளியலறைக் காற்றாடி எல்லாம். இங்கே ஒரு வீட்டின் ஆபத்துகளை 29 வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 2006இல் இருந்து நடைமுறையில் இருக்கும் முறை அது. பட்டியலில் முதலாவதே ஈரலிப்பும் பூஞ்சணமும்தான். அந்த ஆபத்தைக் கணிக்கும்போது 14 வயதும் அதற்குக் குறைந்தவர்களும்தான் எளிதில் பாதிக்கப்படுபவர்கள் என்று எடுப்பார்களாம். முதலாம் தர ஆபத்து என்று கணக்கு வந்தால் நடவடிக்கை எடுப்பது கவுன்சிலின் விருப்பம் இல்லை, கடமை. இதை அவர் எனக்குச் சொல்லும்போது மகனின் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து சுவரில் மீற்றரை ஊன்றிக்கொண்டிருந்தார்.

அந்த மீற்றரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைக்கடக்கமான கருவி, முனையில் இரண்டு ஊசி. சுவரில் குத்தினால் ஈரத்துக்கு ஏற்ப எண் காட்டும், ஈரம் கூடினால் கீச்சென்று சத்தம் போடும். குசினிச் சுவரில் சத்தம் இல்லை. முன் அறையில் இல்லை. பின் அறையின் வெளிப்பக்கச் சுவரில் கொஞ்சம். பூட்டிய அறைப் பக்கத்துச் சுவரில் குத்தியதும் நிற்காமல் கத்தத் தொடங்கியது. அதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. வலது மூலையில் மேலிருந்து கீழ்வரை கத்தும். இடப்பக்கம் வரவரச் சத்தம் அடங்கும். பயிற்சிப் பெடியன் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி வைத்துக்கொண்டே போக, சுவரில் ஒரு ஆறு ஓடுவதுபோல் கோடு விழுந்தது. சோற்று ஆவி என்றால் குளிர்ந்த சுவர் எங்கும் பரவலாகப் படியும், இப்படி ஒரு மூலையில் இருந்து இறங்காது என்றார் அந்த அம்மா. இரண்டு நேரம் சமைப்பதும் உடுப்புக் காயப்போடுவதும் குளிப்பதும் சாதாரண குடும்ப வாழ்க்கை, அதைத் தாங்கத்தான் வீடு கட்டுகிறார்கள் என்றும் சொன்னார். ஒரு வருடமாக நான் யன்னலைத் திறந்துவைத்து, பிள்ளையைக் கம்பளியால் சுற்றிக்கொண்டு, இது என் பிழையோ என்று நினைத்திருந்தவள். அந்த இடத்தில் அழுதுவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை. மீற்றரை அணைத்துவிட்டு, நான் கண்ணைத் துடைக்கும் வரைக்கும் யன்னல் பக்கம் திரும்பிக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

போகும்போது தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைக் கருவியை அலுமாரிக்கு மேல் வைத்தார்கள். சூட்டையும் காற்றின் ஈரத்தையும் இரவு பகலாகப் பதியும். இப்படிக் கருவியை விட்டுச் செல்லவும், படம் எடுக்கவும், அளக்கவும், மாதிரி எடுக்கவும் அதே பிரிவு 239 இடம் கொடுக்கிறது. சும்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவதற்கான அதிகாரமாக அதை எழுதவில்லை.

பூட்டிய அறையை அன்று பார்க்க முடியவில்லை. அது எங்களுடையது இல்லை, திறக்க நாங்கள் சம்மதம் தரவும் முடியாது. அலுவலர் வீட்டுக்காரரை அந்த இடத்திலேயே தொலைபேசியில் கூப்பிட்டார். அது என் தனிப்பட்ட இடம், என் சாமான் இருக்கிறது, திறக்க மாட்டேன் என்றார் அவர். ஸ்பீக்கரில் நாங்கள் எல்லாரும் கேட்டோம். அலுவலரின் குரல் கொஞ்சமும் உயரவில்லை. அந்த அறைக்கும் சேர்த்துப் புதிய அறிவித்தல் அனுப்புவேன், ஜனவரி 4ஆம் திகதி வருவேன், மறுத்தால் சமாதான நீதவானிடம் பிடியாணை போன்ற ஓர் உத்தரவு கேட்பேன், அது கிடைத்தால் தேவைப்பட்டால் பூட்டை உடைத்தும் உள்ளே போகலாம், தடுப்பது குற்றம், தண்டம் 2,500 பவுண் வரை போகலாம் என்று, கடைக்கணக்கு வாசிப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

இந்த ஒழுங்கை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. கேட்டு உள்ளே வருவது, மறுத்தால் நீதவானிடம் போவது, அவர் காரணத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டால்தான் பலவந்தம். சில குற்றங்கள் நடந்திருக்கிறதா என்று பார்க்க வருவதானால் முன்னறிவித்தல் வேண்டியதில்லை. உதாரணத்துக்கு, அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் பல குடும்பங்களை அடைத்து வாடகைக்கு விட்டிருப்பது. சாப்பாட்டுக்கடைக்குள்ளும் வேலை நேரத்தில் சொல்லாமல் வரலாம், அது வேறு சட்டம். ஆனால் குடியிருக்கும் வீடு என்று வந்தால் அந்த ஒருநாள் அவகாசத்தைக் கவனமாக வைத்திருக்கிறார்கள்.

அதே தொலைபேசியில் அலுவலர் வீட்டுக்காரருக்கு இன்னொன்றும் சொன்னார். அவர் மீற்றர் பார்க்கும்போது நான் பேச்சுவாக்கில் அவரிடம், வீட்டுக்காரர் இடைக்கிடை தன் திறப்பால் திறந்துகொண்டு வருவார் என்று சொல்லியிருந்தேன். முறைப்பாடாகச் சொல்லவில்லை. ஒருநாள் நான் தலைமுழுகிவிட்டு வர அவர் விறாந்தையில் நின்றார். ஊர்க்காரர், அண்ணை முறை, என்ன செய்வது என்று விட்டுவிட்டேன். 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர், வாடகையாளர் சட்டப்படி திருத்த வேலை இருக்கிறதா என்று பார்க்க வருவதானால் சொந்தக்காரரும் 24 மணித்தியாலம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும், நியாயமான நேரத்தில்தான் வரவேண்டும் என்று அந்த அம்மா அவருக்கு விளங்கப்படுத்தினார். அரசாங்க அதிகாரம் கையில் இருப்பவர் வாசலில் நின்று கேட்கிறார். வாடகை வாங்குபவர் திறப்பைப் போட்டு உள்ளே வருகிறார். இரண்டும் ஒரே கதவில் நடந்ததை அன்றைக்குத்தான் நான் சேர்த்துப் பார்த்தேன். அந்த நாளுக்குப் பிறகு அவர் ஒருநாளும் தட்டாமல் வந்ததில்லை. பூஞ்சணம் போனதைவிட இது எனக்குப் பெரிது.

ஜனவரி 4, வியாழன். வீட்டுக்காரர் திறப்போடு வந்திருந்தார். நீதவான்வரை போகத் தேவைப்படவில்லை. முகம் கறுத்திருந்தது, என்னோடு கதைக்கவில்லை. பூட்டுத் துருவேறி இறுகியிருந்தது, எண்ணெய் விட்டுத்தான் திறந்தார். கதவு திறந்ததும் வந்த மணம் என் மகனின் தலையணை மணம்தான், பத்து மடங்கு.

உள்ளே மணவறைச் சாமான். அவர் முந்திக் கலியாண வீடுகளுக்கு அலங்காரம் வாடகைக்கு விட்டவராம். பொன்னிறம் அடித்த தூண்கள் எட்டு, பிள்ளையார் சிலை ஒன்று, சிவப்பு வெல்வெற் துணிச் சுருள்கள், பெட்டிபெட்டியாகப் பிளாஸ்ரிக் பூ. வெல்வெற்றில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் மயிர் முளைத்ததுபோல் நின்றது. தூணின் அடியில் பூச்சு உரிந்து ஊறிப்போய்க் கிடந்தது. வலது மூலையில், எங்கள் சுவரில் மீற்றர் கத்திய அதே இடத்துக்கு நேரே, கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய். அறையைச் சேர்த்துக் கட்டியபோது பழைய குழாயை வெளியே மாற்றாமல் அறைக்கு உள்ளேயே விட்டிருக்கிறார்கள். பொருத்து விலகி, ஒவ்வொரு மழைக்கும் சுவருக்குள் ஒழுகியிருக்கிறது. இரவு மழை பெய்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டியது.

வீட்டுக்காரர் ஒரு சொல்லும் சொல்லாமல் ஒரு வெல்வெற் சுருளைத் தூக்கி விரித்துப் பார்த்தார். நடுவில் கையகலம் பிய்ந்தது. அந்த நேரம் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. அவருக்கும் உண்மையிலேயே தெரியாது. தெரிந்துகொள்ள அந்தக் கதவைத் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அலுவலர் சின்னக் கருவியை எடுத்துக்கொண்டு போனார். இரவில் அறையின் ஈரம் பெரும்பாலும் 80 வீதத்துக்கு மேல் இருந்ததாக அறிக்கையில் எழுதியிருந்தார். ஜனவரி 24ஆம் திகதி திருத்தவேலை நோட்டீஸ் வந்தது. குழாயை வெளியே மாற்று, சுவரின் சாந்தைக் கொத்திக் காயவிட்டுப் புதிதாகப் பூசு, குளியலறைக் காற்றாடியை மாற்று என்று இனம் இனமாக. இதிலும் வீட்டுக்காரருக்கு வழி வைத்திருக்கிறார்கள். 21 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யலாம். வேலையை 28 நாளுக்கு முதல் தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. செய்யாமல் விட்டால் கவுன்சிலே அப்போதைய கணக்கில் 30,000 பவுண் வரை தண்டம் போடலாம், அல்லது தானே வேலையைச் செய்து காசை அவரிடம் அறவிடலாம். அவர் மேன்முறையீடு செய்யவில்லை. பங்குனி நடுப்பகுதியில் வேலை முடிந்தது.

வீட்டைவிட்டு எழுப்பிவிடுவாரோ என்ற பயம் எங்களுக்குக் கடைசிவரை இருந்தது. இங்கேதான் நவம்பர் 6 ஈமெயில் கைகொடுத்தது. வாடகையாளர் முதலில் எழுத்தில் முறையிட்டு, பிறகு கவுன்சில் இப்படி ஒரு நோட்டீஸ் கொடுத்தால், அதன்பின் ஆறு மாதத்துக்குக் காரணம் சொல்லாமல் எழுப்பும் பிரிவு 21 அப்போதைய சட்டப்படி செல்லாது. 2015இல் வந்த ஏற்பாடு அது. அந்தப் பிரிவு 21ஐயே ஒழிக்கும் சட்டம் 2025 ஒக்டோபரில் நிறைவேறிவிட்டது. ஆனாலும் எழுத்தில் முறையிடும் பழக்கத்தை விடாதீர்கள். தமிழில் குரல் பதிவு அனுப்பினால் மனம் ஆறும், அலுவலர் மேசையில் அது நிற்காது.

மொழி உதவி பற்றியும் ஒரு சொல். கடிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் சட்ட ஆங்கிலத்தில் வந்தன. கேட்டபோது தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்தார்கள், நன்றாகவும் செய்தார். கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். மாமிபோல் தனியாக இருக்கும் ஒருவருக்கு அந்த முதல் கடிதம் போயிருந்தால், கதவைத் திறக்காமலே இருந்திருப்பார். கவுன்சில் என்று சொல்லிக்கொண்டு ஏமாற்றுக்காரர் வந்தால் என்ன செய்வது என்றும் சிலர் கேட்டார்கள். அட்டையைப் பாருங்கள், எழுத்துமூல அதிகாரத்தைக் கேளுங்கள், கதவைச் சாத்திவிட்டு கவுன்சிலின் பொது இலக்கத்துக்கு அடித்து விசாரியுங்கள். உண்மையான அலுவலர் அதற்குக் கோபிக்க மாட்டார், வெளியே நிற்பார்.

மறுபரிசோதனைக்கு மட்டும் இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். வேலை சரியா பிழையா என்று யாரும் சொல்லாமல் நாங்கள் அந்த அறையில் பிள்ளையைப் படுக்கவிடப் பயந்து, முன் அறையில் நாலு பேரும் நெருங்கிக் கிடந்தோம். கடைசியில் 2024 மே 16ஆம் திகதி அதே அம்மா வந்தார். மூன்று நாள் முன்னதாக அதே மாதிரிக் கடிதம், அதே பிரிவு 239. இந்தத் தடவை மாமி அதைப் பார்த்துவிட்டு, "எப்பவாம் வாறா?" என்று மட்டும் கேட்டார்.

வாசலில் அட்டையைக் காட்டினார், நீல உறையைப் போட்டார். மாமி தேத்தண்ணியும் வாய்ப்பனும் எடுத்துவைத்தார். தேத்தண்ணியைக் குடித்தார். மகன் மீற்றரைத் தான் பிடிக்கப்போகிறேன் என்று நின்றான். ஊசியைக் கவனம் என்று சொல்லி அவன் கையைப் பிடித்து வலது மூலையில் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் குத்தவைத்தார். சத்தம் வரவில்லை. "பழுதாப் போச்சோ?" என்று கேட்டான். அவர் தன் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்த ஈரத் துணியில் ஊசியை வைக்கச் சொன்னார். கீச்சென்று கத்தியது. அன்று இரவே கட்டிலைப் பின் அறைக்குத் திரும்பக் கொண்டுபோனோம்.